நல்லா கவனிச்சு அனுப்பறேன்

கார் மாதிரி ஒரு கேக் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது செங்கல் மாதிரி இருந்தது. நாலு மூலையிலும் நாலு பிஸ்கட்டை ஒட்டி, "இதுதான் சக்கரம். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, கார்தான்னு தோணும்" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மருமகள் தள்ளி நின்று பார்த்தாள். செங்கல்தான்.

வேறொரு நாளாக இருந்தால் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்று அவளுக்குக் கோபமே வரவில்லை. காரணம் வாராவாரம் நம்மோடு வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளவும்.

டிங்கருக்கு இன்று அறுபது. அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். அவருக்குத் தெரியாமல் பட்டறையிலேயே பிறந்தநாள் கொண்டாடுவது என்பது மகனின் ஏற்பாடு. வெளிநாட்டில் குடும்பம் நடத்தும் தங்கையும், முன்பு இதே பட்டறையில் பெயின்ட் அடித்து, பிறகு கடல் தாண்டிப் போய் அங்கேயும் பெயின்ட் அடிக்கிற சிநேகிதரும் காதும் காதும் வைத்த மாதிரி வந்து இறங்கி, மருமகள் வேலை பார்க்கும் ஹோட்டலில் ஒளிந்திருந்தார்கள்.

இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். மருமகளிடம் தனியாக இன்னொன்று இருந்தது. டிங்கரின் தம்பியையும் அவள் வரவழைத்திருந்தாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

வினை அங்கேதான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வேலை முடிந்து கை கழுவும்போது, யாரையும் பார்க்காமல், தம்பியைப் பற்றித் தணிந்த குரலில் சொல்வார்.

"சின்னவன் ஒரு தடவை வரட்டும்மா. நல்லா கவனிச்சு அனுப்பறேன்."

"எப்படி மாமா கவனிப்பீங்க?"

"ஜென்மத்துக்கும் மறக்காத மாதிரி."

சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். ஹோட்டலில் இவள் உட்காரும் மேஜைக்கே 'விருந்தினர் கவனிப்பு' என்றுதான் பெயர். கவனிப்பது என்றால் இவளுக்குக் குடிக்கத் தண்ணீர், வெளுத்த துண்டு, சிரித்த முகம். உதைப்பதற்கும் நம் ஆட்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கண் கலங்கச் சொல்கிறவரிடம் யார் அதை எதிர்பார்ப்பார்கள்?

அந்த வீட்டின் மூத்த மகன் கார் விபத்தில் போய்விட்டான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காரை ஓட்டியது யார் என்று தெரியாது. ஓட்டியது டிங்கரின் தம்பி என்று போலீஸ் எழுதியது. தம்பியும் ஆமாம் என்றார். ஜெயிலில் இருந்துவிட்டு வந்த கையோடு விமானம் ஏறினார். அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. புருஷனிடம் "உங்க சித்தப்பா" என்று ஆரம்பித்தாலே அவன் எழுந்து போய்விடுவான். ஏதோ பழைய மனஸ்தாபம், நாம் சேர்த்துவைப்போம் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

போன லீவுக்கு ஊர் வந்திருந்த அத்தையின், அதாவது டிங்கரின் தங்கையின், செல்போனிலிருந்து நம்பரை எடுத்து எழுதினாள். "மாமா உங்களை நல்லா கவனிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கார். பிறந்தநாளுக்குக் கட்டாயம் வாங்க."

ரொம்ப நாள் கழித்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது. "வர்றேன்."

*

காலையில் பட்டறையில் நடந்ததைப் பார்த்திருந்தாலாவது அவளுக்கு உறைத்திருக்கும். அந்த நேரம் அவள் ஹோட்டலில் இருந்தாள்.

வெள்ளைக் கார்க்காரர் ஒருவர் வண்டியை எடுத்துப்போக வந்திருந்தார். கதவில் விழுந்திருந்த குழியை, பட்டறை பாஷையில் டொக்கை, டிங்கர் தட்டி எடுத்து, பெயின்ட் அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார். கார்க்காரர் குனிந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நெளிசல் அப்படியே நிக்குதே. வயசாயிடுச்சு, கை நடுங்குது போல."

"நெளிசல் உங்க கண்ணுல சார்."

"வாய் நல்லா வேலை செய்யுது. கைதான் செய்யல."

டிங்கர் சுவரோரம் போனார். மூன்றாவது ஆணியில் மாட்டியிருந்த பெரிய சுத்தியலை எடுத்து வந்து, கதவில் ஓங்கி ஒன்று வைத்தார். பழைய டொக்கு இருந்த அதே இடத்தில், அதைவிடப் பெரிதாக விழுந்தது.

"நீங்க கொண்டாந்தது உங்ககிட்டயே இருக்கட்டும். எடுத்துட்டுப் போங்க."

கார்க்காரர் ஒரு கெட்ட வார்த்தையை ஆரம்பித்தார். முடிக்கவில்லை. டிங்கர் அவர் பிடரியைப் பிடித்து முகத்தை பானெட்டின் மேல் அழுத்தினார். வெயிலில் காய்ந்து கிடந்த தகடு. கன்னம் சுட்டு, மனிதர் வீறிட்டு அலறினார். காலை உதறினார். டிங்கர் பிடியைத் தளர்த்தவில்லை.

மகன் ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டி இழுத்தான்.

"விடுங்கப்பா! செத்துடப் போறாரு!"

"சாகமாட்டான். சாகடிக்கணும்னா நான் வேற மாதிரி பிடிப்பேன்."

"பிறந்தநாளும் அதுவுமா ஏம்ப்பா..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"யாருக்குடா பிறந்தநாள்?"

"அவருக்குப்பா. கார்க்காரருக்கு."

டிங்கர் கையை எடுத்தார். ஒரு பக்கக் கன்னம் பழுத்துச் சிவந்திருந்த கார்க்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா இருங்க" என்று வாழ்த்தி அனுப்பினார்.

மூக்குக்கு மேல் கோபம் வரும் மனிதர் என்று சொன்னால் போதாது. டிங்கருக்கு மூக்கே கோபத்தால் ஆனது.

*

மத்தியானம், விபத்தில் மாட்டிய வண்டி ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி மகன் அப்பாவைக் கிளப்பிக்கொண்டு போனான். பஸ்ஸில்தான். டிங்கர் மகன் என்று பெயர், ஸ்டீயரிங்கைத் தொடமாட்டான். பட்டறைக்குள் ஒரு வண்டியை நகர்த்தவேண்டும் என்றால்கூட பின்னால் நின்று தள்ளுவான். அண்ணன் கார் விபத்தில் போனதிலிருந்து பயம் என்று எல்லோரும் சொன்னார்கள். "ஏங்க, நீங்க டிங்கர் மகனா, தள்ளுவண்டிக்காரர் மகனா?" என்று மருமகளும் கேலி செய்து செய்து ஓய்ந்துவிட்டாள்.

அவர்கள் தலை மறைந்ததும் அத்தையும் பெயின்டரும் வந்து முன்பக்கம் பலூன் ஊத உட்கார்ந்தார்கள். அத்தை ஊதினால் பலூன் உப்பியது. பெயின்டர் ஊதினால் கன்னம்தான் உப்பியது.

மருமகள் சத்தமில்லாமல் பின்வாசலுக்கு வந்தாள். டிங்கரின் தம்பி, அவளுக்குச் சின்ன மாமா, நின்றிருந்தார்.

ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு பை. கையில் பரிசு எதுவும் இல்லை. அண்ணன் பிறந்தநாளுக்கு இவ்வளவு தூரம் வருகிறவர் வெறுங்கையோடா வருவார் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அப்போதே விழுங்கிவிட்டாள்.

உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார்.

"சுத்தியலை எல்லாம் இன்னும் அதே வரிசையிலதான் மாட்டறானா?"

"ஞாபகம் வச்சிருக்கீங்களே, சின்ன மாமா!"

"பெருசு மூணாவது ஆணில இருக்கும்."

"இருக்கு, பாருங்க."

அவர் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

மூலையில் உறை போட்டு ஒரு கறுப்புக் கார் நின்றது. அவள் உறையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"இதுக்குள்ள உக்காந்துக்குங்க. நான் உறையை இழுத்ததும் சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டணும். மாமாவுக்குத் தலைகால் புரியாது!"

அவர் பின்கதவைத் திறந்தார்.

"அங்க இல்ல சின்ன மாமா. முன்னாடி. ஸ்டீயரிங் கிட்ட. அப்பத்தான் பளிச்சுனு தெரியும்."

"பின்னாடியே இருக்கேனேம்மா. என் இடம் அதுதான்."

"ஐயோ, அங்க ஒரே இருட்டு."

அவர் பின்கதவைச் சாத்தினார்.

"சரி. அங்கதான் உக்காந்தேன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு" என்றார். அவளுக்குப் புரியவில்லை, விமானத்தில் வந்த களைப்பு, ஏதோ பேசுகிறார் என்று விட்டுவிட்டாள்.

முன் சீட்டில் உட்கார்ந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"இதை உன்கிட்ட வச்சுக்கம்மா. உடைஞ்சுட்டா எனக்குக் கண்ணு தெரியாது."

"காருக்குள்ள சும்மா உக்காந்திருந்தா ஏன் உடையப்போகுது?"

"வச்சுக்கோ."

அவள் அதைக் கைப்பையில் போட்டு, உறையை இழுத்து மூடினாள்.

*

அப்பாவும் மகனும் திரும்பி வந்து தூக்க, ஷட்டர் கடகடவென்று மேலே போனது. வெளிச்சம் விழுந்ததும் அத்தையும் பெயின்டரும் ஒன்றாகக் கத்தினார்கள். கத்திய வேகத்தில் பெயின்டரின் பிடி இறுகி, கையில் இருந்த பலூன் வெடித்தது.

டிங்கர் நின்ற இடத்திலேயே நின்றார். தங்கையைப் பார்த்தார். பெயின்டரைப் பார்த்தார். பிறகு செங்கல் கேக்கைப் பார்த்தார்.

"என்னடா இது, வண்டி பார்க்கணும்னு கூட்டிட்டுப் போயிட்டு... அட, நீ எப்படா வந்தே?" என்று பெயின்டரைக் கட்டிக்கொண்டார். தங்கை அவர் சட்டையில் முகத்தை வைத்து அழுதாள். அவரும் அழுதார். காலையில் ஒரு மனிதனின் கன்னத்தைத் தகட்டில் சுட்ட கை, தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

மகன் மெழுகுவத்தியை எடுத்தான். மருமகளுக்குப் பொறுக்கவில்லை.

"இருங்க, இருங்க. இன்னொருத்தர் இருக்காங்க. மாமா, இது என்னோட சர்ப்ரைஸ்!"

உறையைப் பிடித்து ஒரே இழுப்பு.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தம்பி உட்கார்ந்திருந்தார். சிரிக்கச் சொல்லியிருந்தாள் அல்லவா, சிரிக்க முயன்றார்.

மருமகள் கைதட்டினாள். அவள் கைதட்டல் மட்டும்தான் கேட்டது.

"வந்துட்டியா" என்றார் டிங்கர். அதே தணிந்த குரல்.

"வந்துட்டேண்ணே."

டிங்கர் நடந்து போய் கார் கதவைத் திறந்துவிட்டார். ஹோட்டல் வாசலில் திறந்துவிடுவது போலவே திறந்தார். மருமகள் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

சட்டைக் காலரைப் பிடித்துச் சுண்டி இழுத்தார். தம்பியின் தலை கதவுச் சட்டத்தில் மோதிய சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டாவது அதே இடத்தில். பல் ஒன்று தெறித்து சிமென்ட் தரையில் உருண்டது. கீழே விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி மறுபடியும் அடித்தார். தம்பி கையைத் தூக்கவே இல்லை. முகத்தை மறைக்கக்கூட இல்லை.

"டேய், வேணாம்டா!" என்று பெயின்டர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். டிங்கர் தலையைப் பின்னுக்கு வீசினார். பெயின்டரின் மூக்கு உடைந்து, புதுச் சட்டை முழுக்க ரத்தம் கொட்டியது. அவர் தடுமாறி மேஜையில் சாய, கேக் கவிழ்ந்தது.

"யாருடி இவனை வரச்சொன்னது?" அத்தை மருமகளைப் பிடித்து உலுக்கினாள்.

"நான்தான். மாமாதானே கவனிக்கணும், கவனிக்கணும்னு..."

"அடிப்பாவி! பெத்த புள்ளையை வண்டியில கூட்டிட்டுப் போய்க் கொன்னவனை எப்படிடி கவனிப்பாங்க? இப்படித்தான் கவனிப்பாங்க!"

மருமகள் ஸ்டீயரிங்கைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மனிதரை அழைத்து வந்து, அதுவும் ஓட்டுகிறவர் சீட்டிலேயே உட்காரவைத்து, சிரிக்கவும் சொல்லியிருக்கிறாள்.

"ஏங்க! அவரைப் பிடிங்க!"

புருஷன் ஷட்டர் ஓரத்தில் மெழுகுவத்தியோடு நின்றிருந்தான். காலையில் முன்பின் தெரியாதவனுக்காக ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டியவன், இப்போது ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

டிங்கர் மூன்றாவது ஆணிக்குப் போய்விட்டார்.

முதல் அடி தோளில் இறங்கியது. எலும்பு முறிவது பச்சைக் குச்சியை உடைப்பது போலக் கேட்டது. தம்பி பானெட்டின் மேல் மல்லாந்து சரிந்தார். சுத்தியல் மறுபடி உயர்ந்தது. இந்தத் தடவை தலைக்கு.

மருமகள் பாய்ந்து அந்தக் கையில் தொங்கினாள். அவள் பாரம் தாங்காமல் சுத்தியல் திரும்பி, அவள் முழங்கையை உரசிக்கொண்டு, தம்பியின் காதோரமாக பானெட்டில் இறங்கியது. தகடு கிண்ணமாகக் குழிந்தது.

"மாமா!" என்று அவள் வலியில் கத்திய பிறகுதான் அவருக்கு ஆள் தெரிந்தது.

"நீ ஏம்மா குறுக்க வந்தே?"

"நான்தானே மாமா கூப்பிட்டேன். அடிக்கறதுன்னா என்னை அடிங்க."

சுத்தியல் கையிலிருந்து நழுவியது. டிங்கர் கேக்கின் மேலேயே சரிந்து உட்கார்ந்தார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வர்றோம்னு ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போனான்மா. ஒருத்தனைத்தானே திருப்பிக் கொண்டாந்தான்!"

அறுபது வயது மனிதர் வாய்விட்டு அழுதார். அதைக் கேட்க முடியாமல் அத்தை காதைப் பொத்திக்கொண்டாள்.

பானெட்டின் மேலிருந்து தம்பி, உடைந்த வாயால் கேட்டார்.

"முடிஞ்சுதாண்ணே? இன்னும் இருந்தா அடிச்சுடு."

"போடா. என் கண்ணு முன்னால நிக்காதே. போ."

*

பின்வாசல் குழாயடியில் சின்ன மாமா ஒற்றைக் கையால் முகத்தைக் கழுவினார். தண்ணீர் சிவந்து ஓடியது. மற்றொரு கை துணியைத் தொங்கவிட்ட மாதிரி தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போக, மூக்கைப் பிடித்துக்கொண்டே பெயின்டர் டாக்சி பார்க்கப் போயிருந்தார்.

மருமகள் துண்டை நீட்டினாள்.

"எனக்குத் தெரியாது, சின்ன மாமா. சத்தியமா தெரியாது. அவர் அந்த அர்த்தத்துலதான் சொல்றார்னு..."

"எனக்குத் தெரியும்மா."

"என்ன?"

"எங்க அண்ணன் கவனிக்கிறேன்னு சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நீ எழுதினதைப் படிச்சதுமே புரிஞ்சுபோச்சு."

அவளுக்குக் கைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தாள். ஒரு கீறல் இல்லை.

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"அவனுக்கு அறுபது ஆகுதேம்மா. என்னை அடிக்காமலே போய்ச் சேர்ந்துட்டான்னா?"

அவள் அழுதாள். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று அழுதாள்.

உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. இது வேறு சத்தம். சின்ன சுத்தியல், சீரான தட்டல். தான் குழித்த பானெட்டை டிங்கர் தானே நிமிர்த்த ஆரம்பித்துவிட்டார். கை சும்மா இருந்தால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பின்வாசலில் நிழல் விழுந்தது. புருஷன்தான். அணைந்த மெழுகுவத்தி இன்னும் கையில் இருந்தது. அவளைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தான். அடிபட்டவரைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனின் பார்வை.

சின்ன மாமா வீங்கிய உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்தார்.

"பயப்படாதடா. சொல்லிடுவேன்னு நெனச்சியா? அன்னிக்கு பின் சீட்டுல இருந்தவன் என்னிக்கும் வாயைத் திறக்கமாட்டான்."

மருமகள் கையில் இருந்த துண்டு கீழே விழுந்தது.

பின்னாடியே இருக்கேனேம்மா. என் இடம் அதுதான்.

அண்ணனும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள், ஒரு சித்தப்பா. சித்தப்பா பின் சீட்டில் இருந்தார் என்றால், முன்னால் இருந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் செத்துப்போனான்.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் கேலியாகக் கேட்ட கேள்விதான். இன்றைக்குக் கேட்கும்போது அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

"ஏங்க, நீங்க ஏன் வண்டியே ஓட்டறதில்ல?"

அவன் கையிலிருந்த மெழுகுவத்தியை இரண்டாக உடைத்தான்.

மூவருமே கவனிக்கவில்லை. உள்ளே சுத்தியல் சத்தம் நின்றுபோயிருந்தது.